குவார்ட்டர்ஸ் வாசலில் ஒரு படகு இன்ஜின்

என் மனைவியின் அண்ணனுக்குக் கடலூர் முதுநகரில் ஒரு மீன்பிடிப் படகு இருக்கிறது. எனக்கு நெய்வேலியில் மைன்ஸில் வேலை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்து அவர் தானாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். மலை மாதிரி இயந்திரங்களோடு நாள் முழுக்க இருக்கும் மாப்பிள்ளைக்கு ஒரு படகு இன்ஜின் எம்மாத்திரம்!

உண்மையில் நான் இருப்பது கன்வேயர் பெல்ட்டில். கண்ணுக்கு எட்டாத தூரம் வரை ஓடும் அந்த பெல்ட்டைக் கீழே உருளைகள் தாங்கிக்கொண்டிருக்கும். அவற்றில் எது கீச்சிடுகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு நடப்பதுதான் என் வேலை. கீச்சிட்டால் குறித்துக்கொள்வேன், பெல்ட் நின்றதும் கழற்றி வேறு மாட்டுவோம். பெண் பார்க்கப் போன அன்று என்ன வேலை என்று கேட்டதற்கு 'மெயின்டனன்ஸ்' என்றேன். அது பொய்யில்லை. ஆனால் அந்த வார்த்தை முதுநகரிலேயே தங்கி, வருஷா வருஷம் சதை போட்டு, என்னைப் பெரிய இன்ஜின் நிபுணனாக்கிவிட்டது. நானும் மறுக்கவில்லை.

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிய வாரத்தில் போன் வந்தது.

"மாப்ள, இன்ஜின் சூடேறிக்கினே இருக்கு. மெதுவாப் போனா ஒண்ணும் இல்ல. கொஞ்சம் வேகம் புடிச்சா ஊசி செவப்புக்குப் பூடுது. இங்க ரெண்டு மெக்கானிக் பாத்துட்டாங்க. நீங்க ஒரு கை வச்சா சரியாப்பூடும்."

முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது. மனைவி கீரை ஆய்ந்துகொண்டே என் முகத்தைப் பார்த்தாள்.

"கொண்டாங்க மச்சான், பாத்துடலாம்" என்றேன்.

நான் படகுக்குப் போக வேண்டியிருக்கும், இந்தா அந்தா என்று தடைக்காலத்தை ஓட்டிவிடலாம் என்பது என் கணக்கு. மச்சான் அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் இன்ஜினையே படகிலிருந்து கழற்றி, ஒரு மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். கூட வந்த இரண்டு பேர் அதை எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில், மாமரத்துக்கும் துளசிச் செடிக்கும் நடுவே, கட்டைகள் மேல் இறக்கி வைத்துவிட்டு வண்டியோடு போனார்கள். மச்சான் மட்டும் ஒரு பையில் நான்கு சட்டையோடு தங்கிவிட்டார்.

இன்ஜினை இரண்டு முறை சுற்றி வந்தேன். ஏதாவது கேட்டாக வேண்டும் என்று தோன்றியது.

"ரேடியேட்டர் எங்க மச்சான்?"

"கடல்ல எதுக்கு மாப்ள ரேடியேட்டர்? அதான் கடலே இருக்குதே."

பிறகு பொறுமையாகச் சொன்னார். இன்ஜினுக்குள் நல்ல தண்ணீர் சுற்றிக்கொண்டிருக்கும். பக்கவாட்டில் குழாய் போல ஒரு கூலர். ஒரு சின்ன பம்ப் கடல் தண்ணீரை உறிஞ்சி அந்தக் கூலருக்குள் தள்ளும். கடல் தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டு மறுபடி கடலுக்கே போய்விடும். "தெரியும், தெரியும். நீங்க எப்படிப் புரிஞ்சி வச்சிருக்கீங்கன்னு பாத்தேன்" என்றேன். மனைவி உள்ளே போய்விட்டாள்.

ஷிப்டுக்குப் போகும் பஸ்ஸில் வீடியோ பார்த்தேன். சூடேறினால் முதலில் தெர்மோஸ்டாட்டைப் பார் என்றார்கள். சூடு வந்ததும் தானாகத் திறந்து தண்ணீரை விடும் சின்ன வால்வு அது. வெந்நீரில் போட்டால் திறக்கிறதா என்று தெரிந்துவிடும். அதைக் கழற்றி அடுப்பில் பாத்திரம் வைத்துத் தண்ணீரைக் கொதிக்க விட்டேன். வால்வு அழகாக வாய் திறந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

"ஏங்க, அது பால் காய்ச்சுற பாத்திரம்" என்றாள் மனைவி.

தெர்மோஸ்டாட் நன்றாக இருக்கிறது என்பது தெரிந்தது. பால் பாத்திரம் அன்றோடு இன்ஜினுக்குச் சொந்தமானது.

அடுத்து இன்ஜினை ஓட்டிப் பார்க்க வேண்டும். நீல டிரம் ஒன்றில் தண்ணீர் நிரப்பி, உறிஞ்சும் ஓஸையும் வெளியேற்றும் ஓஸையும் அதற்குள்ளேயே விட்டோம். மச்சான் இன்ஜினைக் கிளப்பினார். ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கின. கால் மணி நேரத்தில் ஊசி மேலே ஏறத் தொடங்கியது.

"பாத்தீங்களா! வேகமே வைக்கல, அதுக்குள்ள சூடாவுது! பழுது பெருசு மச்சான்."

மனைவி டிரம்மில் விரலை விட்டுச் சட்டென்று எடுத்தாள். "சூடான தண்ணியத்தான திருப்பித் திருப்பிக் குடிக்குது? சூடாவாம என்ன பண்ணும்?"

மச்சான் திரும்பி மாமரத்தைப் பார்த்தார். அவர் தோள் குலுங்கியது.

மறுநாள் காலை வெளியேறும் ஓஸை மரத்தடிப் பாத்திக்குத் திருப்பினோம். குழாயிலிருந்து டிரம்முக்குப் புதுத் தண்ணீர் விழும்படி செய்துவிட்டு, இந்த முறை வேகத்தைக் கூட்டினோம். சத்தம் அடுத்த பிளாக் வரை போயிருக்கும். பக்கத்து வீட்டுக் கதவு படாரென்று திறந்தது.

பக்கத்து குவார்ட்டர்ஸில் இருக்கும் அம்மா மைன்ஸில் பம்ப் பிரிவில் டெக்னீசியன். சுரங்கத்துக்கு அடியிலிருந்து ஊற்று அழுத்திக்கொண்டே இருக்கும். அந்தத் தண்ணீரை இரவு பகலாக இறைத்தால்தான் கரி வெட்ட முடியும். அவர் அன்று நைட் ஷிப்ட் முடிந்து வந்து படுத்திருந்தார். நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு காம்பவுண்ட் சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். அதுவரை பார்த்தால் சிரிப்போம், அவ்வளவுதான் பழக்கம்.

"அண்ணா, இது வூடா, ஒர்க் ஷாப்பா? மனுஷி தூங்க வேணாமா? கொடியில காயுற துணியெல்லாம் டீசல் நாத்தம்!"

இன்ஜினை நிறுத்தினேன். மன்னிப்புக் கேட்டேன். மனைவியும் கேட்டாள். அவர் திரும்பி இரண்டு அடி நடந்தார். நின்றார். பாத்தியில் ஓஸிலிருந்து சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரைப் பார்த்தார்.

"என்ன பிரச்சனை?"

மச்சான் எல்லாவற்றையும் கொட்டினார். அந்த அம்மா சுவரைச் சுற்றி வந்து எங்கள் வாசலில் குந்தி உட்கார்ந்தார்.

"நீங்க எந்த செக்ஷன் அண்ணா?" என்று என்னைக் கேட்டார்.

மச்சான் பக்கத்திலேயே நின்றார். தப்பிக்க வழியில்லை. "கன்வேயர். ரோலர் மாத்துறது."

"அப்ப இன்ஜின்?" என்றார் மச்சான்.

நான் துளசிச் செடியைப் பார்த்தேன். மனைவிதான் பேசினாள். "அவருக்குக் காது நல்லா கேக்கும்ணா." இத்தனை வருஷத்தில் எனக்காக அவள் சொன்ன மிகப் பெரிய சிபாரிசு அதுதான்.

பக்கத்து வீட்டு அம்மா இதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. "இன்ஜின விடுங்க. தண்ணி எவ்வளவு வருதுன்னு பாக்கலாம். ஒரு பக்கெட் கொண்டாங்க."

வெளியேறும் ஓஸை பக்கெட்டில் விட்டு இன்ஜினைக் கிளப்பச் சொன்னார். மனைவி செல்போனில் நேரம் பார்த்தாள். பக்கெட் நிறைய இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனது. இன்ஜினை ஆறவிட்டு, கூலருக்கு முன்னாலேயே ஓஸைக் கழற்றி, பம்ப்பிலிருந்து வரும் தண்ணீரை நேராக பக்கெட்டில் பிடித்தோம். இந்த முறை ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, பக்கெட் வழிந்தது.

"பம்ப் நல்லாத் தள்ளுது. கூலர் உள்ள வாங்க மாட்டேங்குது. கடைசியா எதை மாத்துனீங்க?"

"தொறந்து பாத்தா இம்பெல்லர் பிஞ்சி இருந்துச்சு, புதுசு மாத்துனோம்மா. அப்பவும் சூடாச்சு." மச்சான் பையைத் துழாவிப் பழையதை எடுத்தார். பம்ப்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரம் அது. பூ மாதிரி சுற்றிலும் இதழ்கள்.

அந்த அம்மா அதை வாங்கி விரலால் தடவி எண்ணினார். "ஆறு இருக்கணும். நாலுதான் இருக்கு. மீதி ரெண்டு எங்க?"

முதுநகரில் இரண்டு மெக்கானிக், நெய்வேலியில் நான், அந்தக் கேள்வியை யாருமே கேட்டிருக்கவில்லை. பிய்ந்த இதழ் கடலுக்குப் போக வேண்டுமானால் கூலரைத் தாண்டித்தானே போக வேண்டும்?

கூலரின் மூடியைக் கழற்றினோம். உள்ளே விரல் நுழையாத செப்புக் குழாய்கள் வரிசையாக இருந்தன. அவற்றின் வாயை அடைத்துக்கொண்டு கறுப்பாக ஒரு ரப்பர் துண்டு ஒட்டியிருந்தது. அதன் மேல் உப்பும் பாசியும் கிளிஞ்சல் தூளும் சேர்ந்து அடை போலப் பிடித்திருந்தது. மெதுவாகப் போகும்போது நுழைகிற கொஞ்சத் தண்ணீரே போதுமாக இருந்திருக்கிறது. வேகம் பிடித்தால் போதவில்லை. இரண்டாவது இதழ் கழற்றிய மூடியின் உள்பக்கம் மடங்கிக் கிடந்தது. மச்சான் இரண்டையும் பழைய சக்கரத்தோடு பொருத்திப் பார்த்தார். சரியாகப் பொருந்தியதும் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார்.

குழாய்களைச் சுத்தம் செய்து திரும்ப மாட்டி ஓட்டியபோது, இன்ஜின் சத்தத்துக்கு அடியில் எனக்கு ஒரு மெல்லிய கீச்சுக் கேட்டது. சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கினேன். அதுவரை சொன்னதெல்லாம் தப்பாகவே போயிருந்ததே.

"பம்ப்புல ஏதோ கத்துதுங்க" என்றேன்.

அந்த அம்மா ஸ்குரூடிரைவர் முனையை பம்ப் மேல் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக் கேட்டார். தலையை ஆட்டினார். "பேரிங் போகப் போவுது. இப்பவே மாத்திடுங்க. அண்ணாவுக்கு நெஜமாவே நல்ல காது." மச்சான் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். அன்று மதியம் இரண்டு முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

தடைக்காலம் முடிந்ததும் மச்சான் எங்களையும் அந்த அம்மாவையும் படகில் கூட்டிப்போனார். முகத்துவாரம் தாண்டியதும் முழு வேகம் வைத்தார். நான் கடலையே பார்க்கவில்லை, ஊசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை. அசைந்தது என் வயிறுதான். படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தபோது, முன்னால் என் மனைவியும் அந்த அம்மாவும் முறுக்கு தின்றுகொண்டு, காற்றில் பறக்கும் முந்தானையோடு சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அதன் பிறகு மச்சான் எனக்கு நலம் விசாரிக்க மட்டும்தான் போன் செய்கிறார். இன்ஜின் சமாச்சாரம் எல்லாம் நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போகிறது. போன வாரம் முதுநகரிலிருந்து வரும் மீன்காரரிடம் இரண்டு பொட்டலம் கொடுத்துவிட்டிருந்தார். பெரியது வஞ்சரம், பக்கத்து வீட்டுக்கு. சின்னது நெத்திலி, எங்களுக்கு.

"தங்கச்சி வூட்டுக்கு நெத்திலியா?" என்று போனில் கேட்டேன்.

"மாப்ள, வஞ்சரத்த அந்தம்மா தனியாவா சாப்பிடப் போறாங்க?" என்றார்.

அவர் சொன்னது சரிதான். மதியம் சுவருக்கு மேலாக ஒரு கிண்ணம் குழம்பு வந்தது. மனைவி அதை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, நெத்திலி வறுவலை ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். இரண்டு பேரும் பேச உட்கார்ந்துவிட்டார்கள் போலிருக்கிறது. நான் சோற்றைப் போட்டுக்கொண்டு குழம்பில் இருந்த பெரிய துண்டை எடுத்தேன்.