நாலு கட்டைப் பாட்டு

1. சேர்ந்த நாள்

அந்தப் பாட்டை ஞானசுந்தரி அக்காவின் குரலுக்காகத்தான் எழுதினேன். யாராவது கேட்டால் திருச்சபைக்காக எழுதினேன் என்பேன். பாடகர் குழுவை நடத்துகிற கொயர் மாஸ்டர் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் ஆலயத்தில் நான் ஆர்கன் வாசிக்கச் சேர்ந்தபோது எனக்கு இருபத்தைந்து வயது. வாரத்தில் பள்ளிக்கூட மியூசிக் வாத்தியார். ஞாயிறு காலை ஆங்கில ஆராதனைக்கு நாலு குரல் பாமாலை, அடுத்த ஆராதனைக்குத் தமிழ்க் கீர்த்தனை, மதியம் கல்யாணம் இருந்தால் அதற்கு வெட்டிங் மார்ச். எதைக் கேட்டாலும் வாசிப்பேன் என்ற திமிர் கொஞ்சம் இருந்தது.

முதல் பிராக்டிஸுக்கு அக்கா தாமலிலிருந்து பஸ் பிடித்துத் தாமதமாக வந்தார். புடவை முந்தானைக்குக் குஞ்சம் கட்டுவது அவர் தொழில். விரலில் பட்டுப் பிசிறு ஒட்டியிருந்தது.

"புது மாஸ்டரா? என்னை ஒண்ணும் கேக்காத தம்பி. சுருதி மட்டும் குடு" என்றார்.

கொடுத்தேன், பாடினார். அன்று சைக்கிளை ஆலயத்திலேயே மறந்துவிட்டு வீட்டுக்கு நடந்து போய்ச் சேர்ந்தேன்.

அந்த வருடப் பெரிய வெள்ளிக்கு, சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் ஐந்தாவதான "தாகமாயிருக்கிறேன்" பற்றி ஒரு பாட்டு எழுதினேன். நாலு கட்டை சுருதி. மூன்றாவது வரி உச்சிக்கு ஏறி மேல் ஸட்ஜத்தில் போய் நிற்கும். அக்கா அங்கே ஏறும்போது கொயரே வாயைப் பிளந்துகொண்டு பார்க்கும். பிறகு ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கும் அது அக்காவின் பாட்டாகிவிட்டது.

2. பட்டன்

இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு ஒரு பிராக்டிஸில், மேல் ஸட்ஜத்துக்கு முன்னால் அக்கா நின்றுவிட்டார்.

"தொண்டையில தூசு தம்பி."

தண்ணீர் குடித்தார். அடுத்த வாரமும் தூசு. எனக்குப் புரிந்தது.

அதற்குள் ஆலயத்தில் எலக்ட்ரானிக் கீபோர்டு வந்திருந்தது. அதில் டிரான்ஸ்போஸ் என்று ஒரு பட்டன் உண்டு. விரல் பழைய கட்டைகளையே வாசிக்கும். கேட்கும் சுருதி மட்டும் இறங்கிவிடும். அந்த வருடம் அரை ஸ்வரம் இறக்கினேன். போகப்போக இன்னும் இரண்டு முறை, அதே அளவு. நாலுக்கும் மூணுக்கும் நடுவில் அரைக்கட்டை கிடையாது; அதனால் நாலு கட்டைப் பாட்டு இரண்டு கட்டைக்கு வந்தது. பட்டனை அமுக்கினால் டிஸ்ப்ளேயில் "-3" என்று காட்டும். யாரும் பார்க்காதபடி அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டினேன்.

கீழ்க்குரலான பேஸ் பாடுகிற லேப் டெக்னீஷியன் மட்டும் முணுமுணுத்தார். "இன்னா மாஸ்டர், நம்ம லைன் பாதாளத்துக்குப் போய்க்கினே இருக்குது?" அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துச் சமாளித்தேன்.

அக்காவிடம் சொல்லவில்லை. அவர் மனம் நோகக் கூடாது என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. அந்தக் குரலுக்கு வயதாவதை என்னால் தாங்க முடியவில்லை. முதல் நாள் கேட்டது அப்படியே இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

3. தேர் ஓடிய நாள்

ஒரு வருடம் பெரிய வெள்ளியும் சிவன் கோயில் பங்குனித் தேரும் ஒரே நாளில் வந்தன. தேர் போகிற தெருக்களில் ஒயரை அவிழ்ப்பார்கள். எங்கள் பக்கமும் கரண்ட் இருக்காது. ஜெனரேட்டர் வைத்திருந்தோம். அது ஏழு வார்த்தை ஆராதனையில் நாலாம் வார்த்தை வரைக்கும் ஓடிவிட்டு நின்றுபோனது. அடுத்தது அக்காவின் பாட்டு.

சுவரோரம் இருந்த பழைய ஆர்கனுக்கு ஓடினேன். காலால் மிதித்து வாசிக்கிற ஆர்கன்; அதில் பட்டன் கிடையாது. விரல்கள் பழக்கப்பட்ட இடத்துக்குத் தாமாகப் போய்விட்டன. முதல் கார்ட் ஒலித்ததுமே தெரிந்துவிட்டது. அசல் நாலு கட்டை. அதற்குள் அக்கா பாட மூச்சை இழுத்துவிட்டார்.

ஒரு கணம் என்னைத் திரும்பிப் பார்த்தார். பாடினார். மூன்றாவது வரியில், மேல் ஸட்ஜத்தில், குரல் உடைந்தது. வெறும் காற்றுதான் வந்தது. தேர் மேளம் தூரத்தில் கேட்டது. அக்கா மறுபடி மூச்சு வாங்கி, அதே இடத்துக்கு ஏறி, பாட்டை முடித்தார்.

ஆராதனை முடிந்ததும் குழாயடியில் அவரைப் பிடித்தேன். பட்டன் கதை முழுவதையும் சொன்னேன்.

"எத்தினி வருஷமா?"

"எட்டு வருஷம் அக்கா."

அக்கா குழாயை மூடினார். பிறகு சொன்னார்: "எட்டு வருஷமா இந்தப் பாட்டு என்னை ஒண்ணும் பண்ணல தம்பி. வாய் பாடிக்கினு இருக்கும், உள்ள ஒண்ணும் அசையாது. எனக்கு விசுவாசம் போய்டுச்சுன்னு நெனைச்சிக்கினேன். பாஸ்டரய்யாகிட்ட போயி அழுதேன். வெள்ளிக்கெழம தவறாம உபவாசம் இருந்தேன். நீ இன்னாடான்னா பட்டனை அமுக்கிக்கினு குந்தியிருந்தியா?"

"இன்னிக்கு எல்லார் முன்னாடியும் குரல் உடைஞ்சிடுச்சே அக்கா" என்று மட்டும் சொன்னேன்.

"உடைஞ்சா உடையட்டும்பா, என் தொண்டைதானே? தாகம்னு பாடுனேன், இன்னிக்குத்தான் தாகம் எடுத்துச்சு."

அடுத்த மூன்று வருடமும் நாலு கட்டையில்தான் பாடினார். ஒவ்வொரு வருடமும் அங்கே குரல் உடையும். மூச்சு வாங்கி மறுபடி ஏறுவார். அதன்பின் ஓசூரில் மகள் வீட்டோடு போய்விட்டார். போனில் பேசுவோம். பாடச் சொல்லிக் கேட்க எனக்குத் துணிச்சல் வருவதில்லை.

புதிதாக ஆர்கனில் உட்காருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது ஒன்றுதான். பாடுகிறவரைக் கேட்காமல் சுருதியை இறக்காதீர்கள். அந்தக் குரலுக்குள் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது.

இப்போது அந்தப் பாட்டை ஏனாத்தூர் காலேஜில் படிக்கிற ஒரு பெண் பாடுகிறாள். மேல் ஸட்ஜம் சுத்தமாக நிற்கிறது. எல்லாரும் பாராட்டுகிறார்கள், நானும்தான்.

போன பிராக்டிஸில் அவள் கேட்டாள்: "சார், மூணாவது லைன்ல ஏன் அவ்ளோ நேரம் வெயிட் பண்றீங்க? எனக்கு அங்க மூச்சு வாங்க வேண்டாம் சார்."

"சரிம்மா" என்றேன். மறுபடி வாசித்தபோதும் அங்கே நின்றுவிட்டேன்.