குளிரறைக்கு வைத்த காசு

எங்கள் கொம்பனியில் இரண்டு பேர். நானும் அக்காவின் புருசனும். மன்னார்க் கரையில் நண்டு வாங்கி, ஐஸ் போட்டுக் கொழும்புக்கு அனுப்புவது வேலை. கடல் பக்கம் நான். கடதாசிப் பக்கம் அத்தான். அவர் முன்பு சங்கக் கடையில் மனேச்சர். நான் ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போனவன்.

எங்களிடம் குளிரறை இல்லை. லொறிக்காரன் சொல்லும் விலைக்கு அன்றன்றைக்கே கொடுத்துவிட வேண்டும். அதனால் நாலு வருசம் இலாபத்தைத் தொடாமல் கொம்பனி பேரில் வங்கியில் விட்டோம். குளிரறை கட்ட. அந்த நாலு வருசமும் என் வீட்டுக் கூரை ஒழுகியது. அத்திவாரம் மட்டும் வெட்டி வைத்தோம்.

ஆவணியில் மடு மாதா கோயில் திருவிழாவுக்கு இரண்டு குடும்பமும் சேர்ந்து போய் ஒரே கூடாரத்தில் இருப்போம். மாதா வளவுக்குள் பொய் சொல்லமாட்டார்கள். கோபக்காரர் பேசிக்கொள்வதும் காணிச் சண்டை தீர்வதும் அங்கேதான். அங்கே சொன்ன சொல்லுக்குச் சாட்சி வைப்பதில்லை.

நாலாம் வருசம் அங்கே மத்தியானம் சாப்பிட்டுக் கைகழுவி வந்தேன். அத்தான் பாயில் கடதாசி விரித்து வைத்திருந்தார்.

“காசு சும்மா கிடக்குது, மச்சான். நிலையான வைப்பில போடுவம்.”

“போடுங்கோ.”

“கொம்பனி பேரில போட்டா வட்டியில முதல் ரூபாயில இருந்தே வரி. ஆளின்ர பேரில எண்டா ஒரு அளவுக்கு வரி இல்லை. என்ர பேரில போடுவம்.”

“காசு கொம்பனியின்ரதானே?”

“பின்னை ஆரின்ர? இதில ஒரு கையெழுத்து வை, இதில ஒண்டு வை.”

இரண்டு கடிதமும் இங்கிலீசில் இருந்தன. நான் பேனையைப் பிடித்தபடி இருந்தேன். அக்கா சிரித்தாள்.

“கெதியாப் போடு தம்பி. நீ பேரெழுதி முடிய மாதா சுத்தி வந்திடுவா.”

நானும் சிரித்தேன். போட்டேன்.

இரண்டு வருசம் கழித்து வரிக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. அத்தான் முழங்கால் நோகுது என்றார். நான் போனேன். அங்கே இருந்தவள் என் மகள் வயதுப் பெண். கோப்பைத் திறந்து வாசித்தாள்.

“ஐயா, இந்தக் காசு கொம்பனி உங்கட பங்காளிக்குக் குடுத்த பங்கிலாபம் எண்டு முதல் கடிதத்தில எழுதியிருக்கு.”

“அதில பாதி என்ர, பிள்ளை.”

“உங்கட பாதி வேண்டாம் எண்டு ரெண்டாவது கடிதத்தில இருக்கு. இது உங்கட கையெழுத்துத்தானே?”

“ஓம்.”

“பங்கிலாபம் குடுக்கேக்க கொம்பனி வரி பிடிச்சுக் கட்டியிருக்க வேணும். கட்டேல்லை. தண்டமும் சேர்ந்திருக்கு.”

தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

பஸ் இறங்கி நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் கதிரையில் இருந்தார்.

“மடுவில வைச்சுக் கேட்டனீங்கள்,” என்றேன்.

“மடுவில வைச்சுக் கையெழுத்துப் போட்டது நீ. நான் ஒண்டிலயும் போடேல்லை.”

அக்கா தேத்தண்ணி வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்கிறது. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பினேன்.

பிறகு அன்றைய பேச்சைத் திரும்பத் திரும்ப யோசித்தேன். மடுவில் அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. காசு கொம்பனியின்ரதானே என்று கேட்டேன். பின்னை ஆரின்ர என்று திருப்பிக் கேட்டார். அவ்வளவுதான்.

அவர் கொம்பனியை விட்டு விலகினார். அவர் எடுத்த காசுக்கான வரியைக் கொம்பனி கட்ட வேண்டும். கொம்பனி என்றால் இப்போது நான். என் வள்ளத்தையும் இஞ்சினையும் விற்றுக் கட்டினேன்.

அடுத்த ஆவணியும் மடுவுக்குப் போனோம். கூடாரம் இரண்டு.

குளிரறைக்கு வெட்டிய அத்திவாரத்தில் மாரிக்குத் தண்ணீர் நிற்கும். லொறிக்காரன் நாலு மணிக்கு வருவான். அவன் சொல்லும் விலைக்குக் கொடுக்கிறேன்.