எறிந்து கூப்பிடுகிறவன்

ஏசுவடியானைப் பற்றி எழுத இந்தச் சங்கரன்கோவிலில் என்னைவிடத் தோதான ஆள் கிடையாது. அவனைத் தறிக்கூட மேஸ்திரி ஆக்கியவன் நான். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன், கூலிக்குத் தறி ஓட்டினவன், இன்று சொந்தமாக இருபத்துநாலு விசைத்தறி வைத்திருக்கிறேன். ஆளைப் பார்த்ததும் எடை போட்டுவிடுவேன். அதில் எனக்கு நிகர் நான்தான்.

ஏசுவடியான் நல்ல வேலைக்காரன். ஓடுகிற தறியின் மேல் கையை வைத்தாலே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவான். காதுதான் பாதி போய்விட்டது. அத்தனை வருடம் அந்தச் சத்தத்துக்குள் நின்றால் யாருக்கும் போகும். எனக்குப் போகவில்லை, என் உடம்புவாகு அப்படி.

தறி ஓடும்போது வாயால் கூப்பிட்டால் பக்கத்தில் இருப்பவனுக்கே கேட்காது. அதனால் அவன் ஒரு வழி வைத்திருந்தான். காலித் தார்க்குச்சியை எடுத்து எறிவான். ஊடைநூல் சுற்றுகிற சாண் நீளக் கட்டை அது. முதுகில் பட்டதும் ஆள் திரும்புவான். இவன் சைகையில் வேலையைச் சொல்லுவான். குறி தப்பாது, பலமாகவும் விழாது. யாரும் குறை சொன்னதில்லை.

வீட்டிலும் அதே பழக்கம்தான் என்பது எனக்குப் பிந்தித்தான் தெரிந்தது. கூடத்துக்குப் பின்னால் நான் கட்டிவிட்ட வீட்டில்தான் அவன் குடும்பம் இருந்தது. ஒரு மத்தியானம் அவனைத் தேடிப் போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் மனைவி இன்பம் அடுப்படியில் முதுகைக் காட்டி நின்றாள். தண்ணீர் கேட்டான். அவள் திரும்பவில்லை. டம்ளர் பறந்துபோய் அவள் தோளில் பட்டது. அவள் அதை எடுத்து, தண்ணீர் மோந்து வந்து வைத்தாள்.

"ஏலே, பொம்பளைய அடிக்கியா?" என்றேன்.

"அடிக்கவா செஞ்சேன்? கூப்பிட்டேன், அண்ணாச்சி."

மெய்யாகவே அவனுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அவன் மகள் பிளஸ்ஸி கதவோரம் நின்றிருந்தாள். ஐந்து வயசு. டம்ளர் எங்கே விழுந்தது என்று அந்தப் பிள்ளை பார்க்கவில்லை. அப்பன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு அவள் கோழியைக் கூப்பிட்டாள், பூனையைக் கூப்பிட்டாள், எல்லாம் எறிந்துதான். "பாத்தியளா, குறி தப்பமாட்டேங்கா!" என்று ஏசுவடியான் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அந்த வாரமே தறிக்கு ஒரு சிவப்பு பல்பு மாட்டினேன். மேஸ்திரி சுவிட்சைத் தட்டினால் பல்பு எரியும், ஆள் திரும்புவான். எந்த என்ஜினீயரும் சொல்லித் தரவில்லை, என் சொந்த மூளை. கூடத்தில் எறிகிற பழக்கம் அன்றோடு நின்றது. வீட்டில் எந்த பல்பை மாட்டுவது?

பிளஸ்ஸியின் தம்பி ஷெர்வின் அப்போதுதான் உட்காரப் பழகியிருந்தான். பாயில் உட்கார்ந்து மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தானாம். இவள் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். அவன் திரும்பவில்லை. இரும்புத் தோசைக்கரண்டி போய்ப் புருவத்தில் விழுந்தது. அலறல் கேட்டு நான்தான் என் காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனேன். கண்ணுக்கு ஒரு நூல் மேலே தையல் போட்டார்கள்.

திரும்பி வந்ததும் இன்பம் மகளை உலுக்கினாள். "ஏட்டி, தம்பிய ஏன் அடிச்ச?"

"அடிக்கல. கூப்பிட்டேன். திரும்ப மாட்டேங்கான்."

ஏசுவடியான் செருப்பைக் கழற்றி மகள்மேல் எறிந்தான். நெஞ்சில் பட்டது. பிளஸ்ஸி அழவில்லை. அம்மா டம்ளரை எடுத்த மாதிரியே அந்தச் செருப்பை எடுத்து, அப்பன் காலடியில் கொண்டுபோய் வைத்தாள்.

மறுநாள் இன்பம் கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு புளியங்குடி பஸ்ஸுக்குக் கிளம்பினாள். அவள் அம்மா வீடு அங்கே. மகளைக் கூட்டிப் போகவில்லை.

"பெத்தவளா நீ? ஒண்ண விட்டுட்டு ஒண்ணத் தூக்கிட்டுப் போற?" என்று சத்தம் போட்டேன்.

"ரெண்டையும் கூட்டிட்டுப் போனா ஒண்ணுதான் மிஞ்சும், அண்ணாச்சி," என்றாள். "அவுக சொன்னா நான் நம்பமாட்டேன். நீங்க பாத்துக்கிட்டே இருங்க. அவ கை சும்மா இருக்குன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, அன்னைக்கே வந்து என் பிள்ளையக் கூட்டிட்டுப் போறேன்."

என் வார்த்தைக்கு இந்த ஊரில் உள்ள மதிப்பு அது. அதை நான் லேசில் செலவழிப்பதில்லை.

பள்ளிக்கூடம் விட்டதும் பிளஸ்ஸியைக் கூடத்து வாசலில் என் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டேன். படம் வரைவாள். பிஸ்கட் தின்பாள். ஏசுவடியானும் மகள் முன்னால் கையைக் கட்டிக்கொண்டுதான் நடந்தான். "அம்மா எப்ப வருவா, தாத்தா?" என்பது ஒன்றுதான் அவள் கேட்பது. "வருவா மக்கா," என்பேன். பிள்ளை நன்றாகத்தான் இருந்தது. ஐப்பசி மாதம் ஒரு சனிக்கிழமை, இன்பத்தை வரச் சொல்லிவிடலாம் என்று முடிவெடுத்து நானே போன் போட்டேன்.

தறிச் சத்தத்துக்காக ஒரு காதைப் பொத்திக்கொண்டு, தெருவைப் பார்த்து நின்று பேசினேன். அம்மாவின் பேரைச் சொன்னதை பிளஸ்ஸி கேட்டிருக்க வேண்டும். "அம்மாட்ட குடுங்க" என்று கூப்பிட்டாளாம். பக்கத்துத் தறிக்காரன் காசி அவள் வாயசைவைப் பார்த்திருக்கிறான். எனக்குக் கேட்கவில்லை.

பின்மண்டையில் சுள்ளென்று ஏதோ விழுந்தது. திரும்பினேன். பூட்டு ஒன்று தரையில் கிடந்தது. என் விரலில் ரத்தம்.

பிளஸ்ஸி நான் திரும்பிவிட்டேன் என்று முகம் மலர்ந்து நின்றாள். போனுக்காக ஒரு கையை நீட்டியிருந்தாள். இன்னொரு கையில் அப்பனுடைய ஸ்பேனர் இருந்தது.

"என்ன சத்தம், அண்ணாச்சி?" என்றாள் இன்பம் போனில். "நாளைக்குக் காலையில முத பஸ்ஸுக்கு வாரேன். வரலாம்லா?"

"இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், தாயி," என்றேன்.

பிளஸ்ஸிக்கு அது கேட்டுவிட்டது. ஸ்பேனரை அவள் கீழே போடவில்லை.