மூன்று கொட்டேஷன் கேட்ட பூட்டு

முத்திரையை மையில் ஒத்தி, காகிதத்தில் ஓங்கி ஒரு குத்து. மேசை அதிர்கிறது, காபி தளும்புகிறது, முத்திரை மட்டும் பதியவில்லை. அடுத்த குத்துக்கு முன் ஒப்டூலியா அதைத் திட்டுவாள்: "சனியனே, உனக்கும் மேலிடத்து உத்தரவு வேணுமா?"

மெக்சிகோ மலையூர் ஒன்றில், குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான அரசு உதவி அலுவலகத்தின் ஒரே எழுத்தர் அவள். காதில் பேனா. இழுப்பறையில் மிளகாய்த்தூள் தூவிய புளிமிட்டாய். அழுதுகொண்டு வருகிறவர்களுக்கு முதலில் அதைத்தான் நீட்டுவாள். "தின்னு. கண்ணுல தண்ணி வந்தா மிட்டாய் மேல பழியைப் போட்டுக்கலாம்."

உதவி நிதி இருப்பது தலைநகரில். அது மலையேறி வருவதற்குள் திருடனே மனம் திருந்திப் பொருளைக் கொண்டுவந்து வைத்துவிடுவான். ஒப்டூலியாவுக்கே இரண்டு மாதமாகச் சம்பளம் இல்லை.

போன மாதம் செனாய்தா வந்தாள். அவள் கையை உடைத்த புருஷன் ஜெயிலில். வீட்டுச் சாவி இன்னும் அவனிடம். ஒரு புதுப் பூட்டு வேண்டும், அவ்வளவுதான். மூன்று கடைகளின் கொட்டேஷன் வேண்டும் என்றது தலைநகர். ஊரில் பூட்டுக்காரர் ஒரே ஒருவர், நிக்கானோர். இளகிய மனசு. மூன்றையும் அவரே எழுதிக் கொடுத்துவிட்டார். ஒரே கையெழுத்து, மூன்றிலும் ஒரே கிரீஸ் கட்டைவிரல் ரேகை. கோப்பு திரும்பி வந்தது. ஒப்டூலியா நிக்கானோரைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டாவது கடைக்காரர் யாருய்யா?"

"செத்துப்போன எங்க அண்ணன், அக்கா."

"மூணாவது?"

"என் கழுதை. பேரு நல்லா இருந்துச்சேன்னு..."

காதிலிருந்த பேனா அவர் மேல் பறந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் செனாய்தா மூச்சிரைக்க ஓடிவந்தாள். "மேடம், நாளைக்குக் காலையில அவனை விடுறாங்களாம்!"

ஒப்டூலியா தலைநகருக்கு ஃபோன் போட்டாள். காத்திருக்கச் சொல்லி நாற்பது நிமிடம் எக்காளப் பாட்டு. அப்புறம் ஒரு குரல்: "திங்கக்கிழமை கூப்பிடுங்க."

"திங்கக்கிழமை அவ இருப்பாளாய்யா?" என்று கத்தினாள். மறுமுனையில் ஆளில்லை.

நிக்கானோரை வரவழைத்தாள். "கூலி வேணாங்க்கா. கடையில பூட்டுதான் இல்ல."

ஒப்டூலியா எழுந்து, சாப்பிடப் போன இயக்குநரின் அறை வாசலில் நின்றாள். கதவில் பளபளவென்று புதுப் பித்தளைப் பூட்டு.

"கழட்டுய்யா."

"அக்கா, அரசாங்கச் சொத்து..."

"இவளும் அரசாங்கத்துக்கு வோட்டுப் போட்டவதான். கழட்டு."

பூட்டோடு நிக்கானோரும் செனாய்தாவும் படியிறங்கினார்கள். ஓட்டை விழுந்த கதவு காற்றில் படார் படாரென்று அடித்தது. ஒப்டூலியா நிதி விதிமுறைத் தொகுப்பை, நானூறு பக்கம், தூக்கிவந்து கதவுக்கடியில் அண்டக்கொடுத்து, காலால் ஓங்கி ஒரு உதை விட்டு இறுக்கினாள்.