தொடையில் இரண்டு மீட்டர்

துணிக்கடையின் போர்வைப் பகுதியில் நிற்கிறவளுக்குக் கம்பத்தக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பதிவேட்டோடு சரி. காலை ஒன்பதரைக்குக் கம்பம் மாதிரி நின்றாளானால் இரவு எட்டரைக்குத்தான் அவள் கால் மடங்கும். பதினாறு வருஷமாக இப்படி! நமக்கெல்லாம் பேருந்துக்குப் பத்து நிமிஷம் நின்றாலே உலகத்தின் மீது கோபம் வருகிறது. அந்தக் கடையில் விற்கிறவர்களுக்கு நாற்காலி கிடையாது. உட்கார்ந்திருந்தால் வாடிக்கையாளருக்கு மரியாதை இல்லையாம். மரியாதையாவது, மண்ணாங்கட்டியாவது!

தன் காலைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. பக்கத்துத் துண்டுப் பகுதியில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி நின்றாள். நடுநடுவே உட்கார முடியாதென்றால் வேலையையே விட்டுவிடு என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். விட்டால் வீட்டில் அடுப்பெரியாது. கம்பத்தக்கா அவளுக்காக முதலாளியிடம் மூன்று தடவை ஸ்டூல் கேட்டாள். "பார்க்கலாம்மா" என்றார். அவர் பார்க்கலாம் என்றால் இந்த ஜென்மத்தில் பார்க்க மாட்டார் என்று அர்த்தம்.

அந்தச் சமயத்தில்தான் ஆய்வு மேடம் வந்தார். எந்தெந்த வேலை செய்கிறவர்கள் ஒரு நாளில் எவ்வளவு நேரம் உட்காருகிறார்கள் என்று கணக்கெடுக்கிறவர். தீப்பெட்டி அளவு மீட்டரை ஆளுக்கொன்று கொடுத்துத் தொடையில் ஒட்டிக்கொள்ளச் சொன்னார், முதலாளிக்கும்தான். உட்கார்ந்தால், எழுந்தால் அதுவே பதிந்துகொள்ளும். ஏழு நாள் கழற்றக் கூடாது.

மறுநாள் பார்த்தால், கடை முழுக்கப் புது ஸ்டூல்கள்! பெண்கள் பாய்ந்தார்கள். கம்பத்தக்கா குறுக்கே வந்தாள்.

"யாரும் உக்காராதீங்கடி! மீட்டர் போன மறுநாளே இதுவும் போயிடும். இவங்க எல்லாம் சுகமாத்தான் உக்காந்திருக்காங்கன்னு ரிப்போர்ட் வரும். அப்புறம் ஆயுசுக்கும் ஸ்டூல் கிடையாது."

"ஏழு நாளாவது உக்காந்துக்கறோமேக்கா" என்று ஒருத்தி சிணுங்கினாள். ஆனாலும் பதினான்கு பேரும் ஸ்டூலுக்குப் பக்கத்திலேயே நின்றார்கள். வாடிக்கையாளர்கள்தான் அதில் உட்கார்ந்து துணி பார்த்தார்கள். வைராக்கியம் என்றால் அதுவல்லவா வைராக்கியம்!

நான்காம் நாள் கர்ப்பிணிக்குத் தலை சுற்றியது.

"நீ உக்காரு கண்ணு. உன் மீட்டரைக் கழட்டி என்கிட்ட குடு" என்ற கம்பத்தக்கா, அதைத் தன் இன்னொரு தொடையில் ஒட்டிக்கொண்டாள்.

எட்டாம் நாள் மேடம் மீட்டர்களை வாங்கிக்கொண்டு போனார். அன்று சாயங்காலமே ஸ்டூல்கள் கிடங்குக்குப் போய்விட்டன. கர்ப்பிணி மறுபடி நின்றாள். பத்தாம் நாள் மேடம் காகிதக் கட்டோடு வந்து இருவரையும் கூப்பிட்டார்.

"நாலாம் நாள்ல இருந்து நீங்க ரெண்டு பேரும் ஒரே நிமிஷத்துல உக்காந்து, ஒரே நிமிஷத்துல எந்திரிச்சு, ஒரே நிமிஷத்துல படுத்திருக்கீங்க. என்ன, ஒட்டிப் பிறந்தவங்களா?"

மொத்தக் கணக்கையும் தூக்கிப் போட்டுவிட்டால்? கம்பத்தக்கா நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். "தப்பு என்னோடது மேடம். அவ கணக்கை மட்டும் அடிச்சிடுங்க. மத்தவங்க நின்னது சத்தியம்."

மேடம் ஒரு வரியை அடித்தார். மற்றதை முதலாளி முன்னால் போய் வாசித்தார்.

"கடைக்குள்ள இருக்கற நேரத்துல, கணக்கு எழுதறவர் ஒன்பது மணி நேரம் உக்கார்றார். தையல்காரர் எட்டு. விக்கிற பொண்ணுங்க, சாப்பிடற நேரத்தையும் சேர்த்து, பதினெட்டு நிமிஷம். நீங்க பத்து மணி நேரம் சார். உடம்புக்கு ஆகாது. அடிக்கடி எந்திரிச்சு நில்லுங்க."

உடம்பு என்றதும் முதலாளி சட்டென்று எழுந்துவிட்டார்.

"நின்னதுதான் நின்னுட்டீங்க, அப்படியே நில்லுங்க சார்" என்றாள் கம்பத்தக்கா. சொன்ன கையோடு அவர் நாற்காலியை இழுத்துப்போய்க் கர்ப்பிணிக்குப் போட்டாள். என்ன துணிச்சல்! முதலாளி வாயைத் திறந்தார். மேடம் பார்த்துக்கொண்டிருந்ததால் மூடிக்கொண்டார்.

அரை மணி நேரம் ஆயிற்று. கால் மாற்றி நின்றார், மேசையில் சாய்ந்தார், முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டார். கடைசியில் கிடங்குக்காரரைக் கூப்பிட்டார்.

"கால் கழண்டு விழுந்துடும்போல இருக்குய்யா. அந்த ஸ்டூலைக் கொண்டாந்து போடு."

"ஒண்ணா சார், எல்லாமா?"

முதலாளி வரிசையாக நின்ற பெண்களின் கால்களைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் பார்த்தார்.

"எல்லாத்தையும்" என்றார்.