பேழைக்குள் வைத்த பிடிமண்

எங்கள் குலதெய்வத்தை நாங்கள் அமெரிக்க நாட்டில் தொலைத்துவிட்டோம் என்றொரு பேச்சு நாகலாபுரத்தில் உலவுவதாக அறிந்தேன். கோவில்பட்டிக் கடைத்தெரு வரைக்கும் அது சென்று சேர்ந்துவிட்டதாம். நடந்தது வேறு. கண்டவன் எழுதாவிடில் காணாதவர் சொல்வதே நிலைக்குமாதலின், இதனை எழுத்தில் வைக்கிறேன்.

ஒஹாயோ மாநிலத்தில் எங்கள் மகள் முத்துலட்சுமி குடியிருக்கும் ஊரில் ஒரு பழைய ஹோம்ஸ்டெட் உள்ளது. முன்னாளில் காடு திருத்திக் குடியேறிய உழவர் ஒருவரின் மனை அது. அவர் வழிவந்தோர் அதனை ஊர்ப்பொதுவுக்கு எழுதிக் கொடுத்துவிட, வீடிருந்த இடத்தில் இன்று புகைபோக்கியின் கற்றூண் மட்டும் நிற்கிறது; சுற்றிலும் மரங்கள், பறவைகள், நடைவழி. விடுமுறை நாள்களில் மக்கள் ஜி.பி.எஸ். கருவியைக் கையில் ஏந்தி வந்து, ஒரு முதுமரத்தின் வேர்களிடையே ஒளித்துவைத்த பேழையைத் தேடுகின்றனர். இவ்விளையாட்டினை ஜியோகேச்சிங் என்பர். ஒளித்தவரே அதன் இருப்பிடத்தை இணையத்தில் உலகறியச் சொல்லிவிடுகிறார். கண்டெடுத்தவர் உள்ளிருக்கும் கோலிக்குண்டையோ பொத்தானையோ எடுத்துக்கொண்டு, ஈடாக வேறொன்றை இட்டு, மீண்டும் ஒளித்துவிட்டுப் போகிறார். வரப்பு ஒரு சாண் நகர்ந்தால் வழக்குமன்றம் ஏறும் கரிசல் நிலத்தில் பிறந்த எனக்கு, வீட்டைப் பறவைகளுக்கு விட்டதும் விளங்கவில்லை. பொருளை ஒளித்து வழி சொன்னதும் விளங்கவில்லை.

அந்நாளில் என் மனைவி பொன்னுத்தாயிடம் ஒரு பிடிமண் இருந்தது. தொலைவில் குடியேறுவோர் குலதெய்வக் கோயிலில் ஒரு கைப்பிடி மண் எடுத்துச் சென்று, புதிய இடத்தில் இட்டுப் பீடம் அமைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மகளோடு வாழ நாங்கள் புறப்பட்ட கோடையில், கோயிற்பொறுப்பைப் பார்க்கும் என் தம்பி சங்கரலிங்கம், பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த கரிசலில் பேச்சியம்மன் பீடத்தருகே மண்ணை அள்ளி, மஞ்சள் துணியில் முடிந்து அவளிடம் தந்தான்.

"இது தரையில விழுந்துட்டா, அம்மன் அங்கன எறங்கிட்டான்னு அர்த்தம் மைனி. பொறவு ஒங்களுக்கு அதான் கோயிலு. இங்கன கொடைக்கு ஒங்க தலைக்கட்டு வராது" என்றான்.

கொடைவிழாவுக்கு வரி கொடுத்து உரிமை பெறும் குடும்பத்தைத் தலைக்கட்டு என்போம். அவ்வுரிமை போனால் ஊரில் நாங்கள் விருந்தாளிகள். மகளின் வீடோ மாடியில் அமைந்த வாடகை வீடு, தரையெல்லாம் கம்பளம். மண்ணை இடவும் இடமில்லை, இட மனமுமில்லை. அரிசிப் பைக்கு அருகே, அலமாரியில், அம்மன் வீடற்று இருந்தாள். அது பொன்னுத்தாயை உறங்கவிடவில்லை.

ஹோம்ஸ்டெட்டின் அறிவிப்புப் பலகையை ஒருநாள் மகள் படித்துச் சொன்னாள்: "இந்த எடம் எல்லாருக்கும் சொந்தமாம்மா."

"எல்லாருக்கும்னா நமக்குஞ் சேத்துத்தானட்டீ?"

அடுத்த முறை சென்றபோது, பொன்னுத்தாய் மண்முடிப்பைப் பேழைக்குள் வைத்து மூடினாள். மகள் பதறினாள்.

"யாராச்சும் எடுத்துட்டுப் போயிருவாவம்மா!"

"மண்ண எவன் எடுப்பான்? போட்டீ. எடமும் கெடச்சாச்சு, தரையிலயும் விழல. ஊர்லயும் நம்ம தலைக்கட்டு நிக்கும்."

நான் கற்ற நூல்களில் இதற்கு விலக்கு காணாமையின் தடுக்கவில்லை.

இலையுதிர்கால மழைகள் ஓய்ந்தபின் சென்றபோது பேழையில் முடிப்பு இல்லை. மனையைப் பேணும் தொண்டர் வால்ட்டர் என்னும் முதியவர் அங்கிருந்தார். பேழைக்குள் சேறு புகுந்திருந்ததாகவும், கொட்டித் துடைத்து வைத்ததாகவும் மகிழ்வுடன் கூறி, துவைத்து மடித்த மஞ்சள் துணியை நீட்டினார். எங்கே கொட்டினீர் என்று வினவினேன். இடத்தை அழுக்காக்கியதாகக் குறை சொல்கிறேன் எனக் கருதிப் போலும், மரத்தடியைக் காட்டி, மழை எல்லாவற்றையும் கழுவிவிட்டது, வருந்தாதீர் என்றார்.

பொன்னுத்தாய் அவ்விடத்திலேயே அமர்ந்துவிட்டாள். மயக்கம் என்றெண்ணி அவர் குவளையில் தண்ணீர் கொண்டுவந்தார். அவள் வாங்கி, மரத்தின் வேரில் வார்த்தாள். அவர் சற்றே திகைத்து, இன்னொரு குவளை கொண்டுவந்தார். அதையும் வார்த்தாள்.

அன்றே சங்கரலிங்கத்தைத் தொலைபேசியில் அழைத்து நடந்ததைச் சொன்னாள்.

"மண்ண யாரு கொட்டுனா?" என்றான் அவன்.

"ஒரு வெள்ளக்காரப் பெரியவரு."

"அப்பம் அவருலா பூசாரி! பரிவட்டத் துண்டு அனுப்பவா?" என்று சிரித்தவன், பிறகு குரலைத் தாழ்த்தினான். "பங்குனிக் கொடைக்குத் தலைக்கட்டு எழுதணும் மைனி. ஒங்கள எழுதவா, விடவா? பங்காளிக கேக்காவ."

"எழுதும் தம்பி. எறக்குனது நாங்க இல்லலா."

"கேட்டுச் சொல்லுதேன்" என்றான். இன்னும் சொல்லவில்லை.

இப்போது அவள் விளக்கேற்றிக் கும்பிடுகையில், முதலில் அம்மரம் இருக்கும் பக்கம் திரும்பி நிற்கிறாள். பின்னர், உறுதியாகத் தெரியாத ஒரு திசையை நாகலாபுரமாகக் கொண்டு திரும்புகிறாள். எப்பக்கம் கூடுதல் நேரம் நிற்கிறாள் என்பதை நான் கவனிப்பதில்லை.

அறியாதவர் கை கொட்டிய மண்ணிலும் தெய்வம் இறங்குமா, இறங்கின் பிறந்த ஊரின் உரிமை அற்றுப்போகுமா என்பது எனக்குத் தெளிவில்லை. எங்கள் வழக்கை நான் பிழைபட உரைத்திருப்பின், அறிந்தோர் திருத்துக. கொடைக்கு முன் திருத்தினால் நலம்.