சுவருக்குப் போட்ட பத்து

நாமக்கல் பக்கத்தில் இருக்கும் எங்கள் பழைய ஓட்டு வீட்டில், பின்பக்கம் ஓர் அறை சேர்த்தோம். தேக்குத் தூண்களை எடுக்கவே கூடாது என்று நான் பிடிவாதம் பிடித்தேன். புதிய கதவுக்காக மண்சுவரை வெட்டியபோது ஒரு விரிசல் விழுந்தது. பொங்கல் நெருங்கியதால் அம்மா அதன்மேல் சுண்ணாம்பு பூசிவிட்டார்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். விரிசலின் குறுக்கே காகிதம் ஒட்டினால், விரிசல் வளரும்போது காகிதம் கிழிந்து காட்டிக்கொடுக்கும் என்று அங்கே கற்றிருந்தேன். கஞ்சியைத் தடவி, அம்மா பூசிய இடத்தின் குறுக்கே ஒரு துண்டுக் காகிதம் ஒட்டினேன்.

"ஏனுங்க, செவுத்துக்குத் தலைவலியாமா! உங்க புள்ள பத்துப் போட்டிருக்கறா!" என்று அம்மா அப்பாவிடம் சொல்லிச் சிரித்தார்.

பொங்கலுக்கு முந்தின நாள் காலையில் பார்த்தால், காகிதம் இரண்டாகக் கிழிந்திருந்தது. அம்மாவோ அந்தச் சுவரோரம் இருந்த குதிரில் நெல் அள்ளிக்கொண்டிருந்தார். ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தேன்.

"உடு சாமி, நெல்லு சிந்துது!"

நாங்கள் வாசலுக்கு வருவதற்குள் சுவர் குதிர்மேல் சரிந்தது. தேக்குத் தூண்கள் கூரையை விழாமல் தாங்கிக்கொண்டன.

அப்போது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்ததால் சிமெண்டு கிடைக்கவில்லை. கல்லும் சுண்ணாம்பும் வைத்து அப்பா சுவரை எழுப்பினார். இப்போது ஒவ்வொரு பொங்கலுக்கும், வெள்ளையடிப்பதற்கு முன்பே வீடு முழுவதும் விரிசல் தேடிக் காகிதம் ஒட்டுகிறேன். அதற்கான கஞ்சியை அம்மாவே எடுத்து வைக்கிறார்.